ஹோய் ஆன் (வியட்நாம்): ஒரு சாயங்காலம் போதுமா, ராத்திரி தங்கணுமா?

சமயபுரத்தான்:
வணக்கம் மக்களே. தீபாவளி லீவுக்கு குடும்பத்தோட வியட்நாம் போலாம்னு இருக்கோம், நான், வீட்டுக்காரம்மா, எட்டாவது படிக்கிற பையன், கூட எங்க அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரா ஃபிளைட் இருக்கறதால கிளம்பறது பிரச்சனை இல்ல. டிராவல்ஸ்காரர் குடுத்த பிளான்ல சைகோன், டா நாங், பா நா ஹில்ஸ்ல அந்த கை தாங்கிப் பிடிக்கிற கோல்டன் பிரிட்ஜ் எல்லாம் விலாவாரியா இருக்கு, ஆனா ஹோய் ஆன்னு ஒரு ஊருக்கு மட்டும் "மாலை 4 முதல் 8 வரை, லான்டர்ன் டவுன், போட் ரைடு"ன்னு ஒரே வரி. பழைய துறைமுக ஊருங்கறாங்க, போட்டோவுல பாத்தா கலர் கலரா விளக்கு தொங்குது, அவ்ளோதானா? தங்கற அளவுக்கு அங்க என்ன இருக்கு? போனவங்க சொல்லுங்க.

பட்ஜெட்_பாண்டி:
4 மணி நேரம் தாராளம் ப்ரோ. போறோம், அங்க இருக்கற பழைய ஜப்பான் பாலத்து முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறோம், படகுல ஏறி பேப்பர் விளக்கு விடறோம், நைட் மார்க்கெட்ல ஒரு சுத்து, கிளம்பறோம். ராத்திரி 7 மணிக்கு அந்த ஆத்தோரத்துல கால் வைக்க இடம் இருக்காது, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். டா நாங்லயே பீச் பக்கம் ரூம் போட்டுட்டு போய் வந்துருங்க, வெறும் 30 கிலோமீட்டர்தான்.

ஊர்சுத்தி:
பாண்டி தம்பி சொல்ற கூட்டம் நிஜம், ஆனா அந்தக் கூட்டம் எதனால வருதுன்னு யோசிங்க, எல்லா டிராவல்ஸும் எல்லா பஸ்ஸையும் அதே 4 மணிக்கு கொண்டு வந்து இறக்கறதாலதான் வருது. 9 மணிக்கு மேல பஸ் எல்லாம் போனதும் ஊர் காலியாகுது, காலையில 6 மணிக்கு அது வேற ஊரு. மரக்கதவெல்லாம் சாத்தியிருக்கும், மஞ்சச் சுவர்ல வெயில் அப்பத்தான் விழும், ஆத்தோர மார்க்கெட்ல மீன்காரம்மாக்கள் கூடைய இறக்கிட்டிருப்பாங்க, உள்ளூர் பெருசுங்க குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டிருப்பாங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் போறவன் பாக்கறது நம்மள மாதிரி டூரிஸ்ட்டுகளத்தான், ஊரை இல்ல. ரெண்டு ராத்திரி தங்குங்க சார், பா நா ஹில்ஸ்ல ஒரு நாளைக் குறைச்சாலும் தப்பில்ல (இதுக்கு எத்தனை பேர் என்னை அடிக்க வரப்போறீங்கன்னு தெரியும்).

அந்த ஊர் ஏன் அப்படியே இருக்குங்கறது பெரிய கதை. 1558ல நுயென் வம்சத்து பிரபு தெக்க வந்து ஆட்சிய ஊன்றினதுக்கு அப்புறம் வெளிநாட்டு வியாபாரத்துக்கு இந்தத் துறைமுகத்தை திறந்து விட்டாங்க. சீனாவும் ஜப்பானும் நேருக்கு நேர் வியாபாரம் பண்ண முடியாத காலம் அது, அதனால ரெண்டு பேரும் மூணாவது எடத்துல சந்திக்கணும், அந்த எடங்கள்ல ஒண்ணு இது. வடகிழக்குப் பருவக்காத்துல கப்பல் கீழ இறங்கி வரும், மாசக்கணக்குல சந்தை நடக்கும், தென்மேற்குக் காத்து கிளம்பினதும் திரும்பிப் போகும். காத்து மாறற வரைக்கும் தங்கணுமே, அதுக்காகத்தான் வீடு, கிடங்கு, கோயில்னு கட்டினாங்க. பட்டு, பீங்கான், அகில் கட்டை, லவங்கப்பட்டை, மிளகு, சக்கரை எல்லாம் கைமாறின ஊரு. ஐரோப்பாக்காரன் பழைய மேப்ல ஃபைஃபோன்னு போட்டிருப்பான், அது இதேதான்.

பட்ஜெட்_பாண்டி:
அண்ணே ஹிஸ்டரி டீச்சரா நீங்க

ஊர்சுத்தி:
இல்ல தம்பி, ஹார்டுவேர் கடை. ஆனா வியாபாரம் செத்துப்போன ஊருங்கள பாக்கறதுல ஒரு ஆர்வம்.

சைகோன்_வாசி:
நான் வேலை விஷயமா சைகோன்ல இருக்கேன். சார், எல்லாரும் தங்கறதா வேண்டாமாங்கறத பேசறீங்க, தேதியை யாருமே கவனிக்கல. தீபாவளி லீவுன்னா அக்டோபர் கடைசி இல்ல நவம்பர். அந்த மாசம் ஹோய் ஆன் போகாதீங்க. நமக்கு ஐப்பசி கார்த்திகை அடைமழை தர்ற அதே வடகிழக்குப் பருவம்தான் மத்திய வியட்நாமுக்கும் மழை, கூடவே புயலும் சேர்ந்துக்கும். மேற்க மலை ரொம்பக் கிட்டக்க, பெய்யற தண்ணி எல்லாம் து போன் ஆத்துல சடசடன்னு இறங்கி வந்து கடலுக்குப் போற வழியில இந்த ஊருக்குள்ள நுழைஞ்சுரும். 2025 அக்டோபர் கடைசியில பழைய ஊர் முழுக்க தண்ணி, தெருவுல படகு ஓடுச்சு. 2017 நவம்பர்லயும் பெரிய வெள்ளம். வெள்ளம் வர்ற வருஷம் வராத வருஷம்னு எல்லாம் இல்ல, ஏறக்குறைய எல்லா வருஷமும் ஆத்தோரத் தெருவாச்சும் நனையும், எவ்ளோ உயரம்ங்கறதுதான் கேள்வி.

சைகோன்ல நவம்பர்ல மழை குறைய ஆரம்பிச்சிரும், அதைப் பாத்துட்டு "வியட்நாமுக்கு நவம்பர் பெஸ்ட்"னு டிராவல்ஸ்காரங்க சொல்லிருவாங்க. நாடு நீளமா கிடக்கு சார், தெக்க ஒரு வானிலை நடுவுல ஒரு வானிலை.

சமயபுரத்தான்:
அய்யய்யோ. இதை எங்க டிராவல்ஸ்காரர் ஒரு வார்த்தை சொல்லல. டிக்கெட் இன்னும் போடல, நல்லவேளை. அப்ப எந்த மாசம்?

சைகோன்_வாசி:
பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் தங்கமான காலம். பையன் ஸ்கூல் இருக்குன்னா மே. வெயில் இருக்கும், ஆனா திருச்சி வெயில்ல வளர்ந்தவங்களுக்கு அது ஒரு விஷயமா? ஏப்ரல் 30, மே 1 ரெண்டும் இங்க தேசிய விடுமுறை, அந்த வாரத்த மட்டும் தவிர்த்துருங்க, நாட்டுல பாதிப்பேர் டா நாங் பீச்சுலதான் இருப்பாங்க. டெட்னு சொல்ற அவங்க புத்தாண்டு ஜனவரி கடைசி பிப்ரவரியில வரும், அப்பவும் கடையெல்லாம் சாத்தியிருக்கும், ரூம் விலை ஏறும்.

ஊர்சுத்தி:
வெள்ளத்தப் பத்தி சொன்னது ரொம்ப சரி. டான் கீன்னு ஒரு பழைய வியாபாரி வீடு இருக்கு, உள்ள சுவர்ல எந்தெந்த வருஷம் தண்ணி எவ்ளோ ஏறுச்சுன்னு வரிசையா குறிச்சு வச்சிருக்காங்க. 1964 கோடு ஆள் உயரத்துக்கு மேல. அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் ஆத்தப் பாத்து, பின்னாடி படகுலருந்து சரக்கு இறக்கி முன்னாடி கடையில விக்கறது. ஃபுங் ஹுங் வீட்டுல மாடித் தரையில சதுரமா ஒரு திறப்பு, மரச்சட்டம் போட்டு மூடியிருக்கும், தண்ணி ஏறுனா கீழ இருக்கற சரக்க அது வழியா கயிறு கட்டி மேல தூக்கிருவாங்க. எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச பொருள் அந்த ஓட்டைதான், விளக்கெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, வீட்டு நிலைக்கு மேல ரெண்டு வட்டமான மரக்கட்டை பதிச்சிருப்பாங்க, பூ மாதிரி செதுக்கி செவப்புத் துணி சுத்தியிருக்கும், அது வாசலோட கண்ணாம். யார் வர்றாங்கன்னு வீடு பாக்குது. வீட்டுக்கு வீடு டிசைன் மாறும், பையனை எண்ணச் சொல்லுங்க, தெரு முழுக்க போர் அடிக்காம வருவான்.

காரைக்குடி_ஆச்சி:
சைகோன் போறீங்கள்ல, அங்க நடு ஊருக்குள்ள மாரியம்மன் கோயில் இருக்கு, அதையும் பாத்துட்டு வாங்க. நம்ம நகரத்தார் அங்க கொடுக்கல் வாங்கல் பண்ண காலத்துல வந்தது. எங்க அப்பச்சி காலத்துல சைகோன் போயிட்டு வந்தவங்க கதைய கேட்டு வளர்ந்தவ நான். இப்ப அந்த ஊர் ஆளுங்களே வந்து ஊதுபத்தி வச்சு கும்பிடுறாங்க. ஹோய் ஆன்ல நம்ம ஆளுங்க இருந்தாங்களான்னு யாராச்சும் சொல்லுங்கப்பா.

வீரத்தமிழன்77:
ஆச்சி அங்க பூரா நம்ம ஆளுங்கதான். பக்கத்துல மி சோன்னு சிவன் கோயில் இருக்கு, சோழர் கப்பல் படை போய் கட்டினது. ஷேர் பண்ணுங்க.

கல்வெட்டு_பித்தன்:
தம்பி, சோழர் பெருமை பேச தஞ்சாவூர்ல ஏகப்பட்டது இருக்கு, இங்க வேண்டாம். மி சோன் சம்பா அரசர்கள் கட்டினது, சம்பாங்கறது அப்ப மத்திய வியட்நாம்ல இருந்த சாம் மக்களோட அரசு. முதல் கோயிலை நாலாம் நூற்றாண்டுல பத்ரவர்மன் பத்ரேஸ்வரர்ங்கற பேர்ல எடுத்தான், அப்ப தஞ்சாவூர்ல சோழப் பேரரசே கிடையாது. அதுக்கப்புறம் நூத்தாண்டுக் கணக்குல அடுத்தடுத்து அவங்களே கட்டிட்டு போனாங்க. கல்வெட்டு சமஸ்கிருதத்துலயும் பழைய சாம் மொழியிலயும் இருக்கு, தமிழ் இல்ல. சிவ வழிபாடு இந்தியாவுலருந்து கடல் வழியா போனதுதான், அதுல சந்தேகமில்ல, ஆனா போனது சாமியும் எழுத்தும் வியாபாரமும், கட்டினது உள்ளூர்க்காரன்.

ஹோய் ஆன் கதையில மி சோன் ஏன் முக்கியம்னா, ரெண்டும் ஒரே ஆத்துல இருக்கு. மேல மலையடிவாரத்துல கோயில், நடுவுல சிங்கபுரம்னு தலைநகரம் (இப்ப சா கியூங்கற ஊர்), கீழ கடல் முகத்துல துறைமுகம். வியட்நாம்காரங்க வர்றதுக்கு முன்னாடியே சம்பாக்காரன் அந்த முகத்துவாரத்துல கப்பல் கட்டி நிறுத்தினவன். கடல்ல எதிர்ல தெரியற கூ லாவ் சாம் தீவு பேர்லயே சாம் இருக்கு பாருங்க. அந்தத் தீவு பக்கம் மூழ்கிக் கிடந்த 15ஆம் நூற்றாண்டு கப்பலை 1990கள்ல தோண்டி எடுத்தப்ப ரெண்டரை லட்சத்துக்கு மேல வியட்நாம் பீங்கான் சாமான் முழுசா கிடைச்சுது.

1969ல அமெரிக்க குண்டுவீச்சுல மி சோன்ல இருந்த பெரிய கோபுரமே போச்சு. நம்ம தொல்லியல் துறை போய் அங்க சில கோயில் தொகுதிகளைச் சீரமைச்சாங்க, 2020ல அந்த வேலையில ஒரே கல்லுல செஞ்ச 9ஆம் நூற்றாண்டு லிங்கம் கிடைச்சது, பேப்பர்ல வந்துச்சே. ஹோய் ஆன்லருந்து 40 கிலோமீட்டர். சமயபுரத்தார் அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டு போங்க, காலையில 7 மணிக்கே போயிருங்க, 10 மணிக்கு மேல செங்கல் சூடு தாங்காது.

வீரத்தமிழன்77:
அப்ப ஸ்ரீமாறன் கல்வெட்டு? பாண்டியன் பேர்தானே?

கல்வெட்டு_பித்தன்:
வோ கான் கல்வெட்டு. அது கிடைச்சது ந்யா சாங் பக்கம், ஹோய் ஆன்லருந்து ரொம்ப தெக்க. அதுவும் சமஸ்கிருதம். மாறன் பாண்டியனான்னு நூறு வருஷமா சண்டை போடறாங்க, தனி இழை தொடங்குங்க, அங்க வந்து நானும் சண்டை போடறேன். இங்க ஆளு டிக்கெட் போடணும்.

சமயபுரத்தான்:
ஹாஹா. அம்மாகிட்ட சிவன் கோயில்னு சொன்னதும் முகமே மாறிருச்சு, இதுவரைக்கும் "நான் எதுக்குடா"ன்னு இருந்தாங்க. அந்த ஜப்பான் பாலம் எப்படி? கட்டணம் உண்டா?

ஊர்சுத்தி:
பழைய ஊருக்கு வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு டிக்கெட், நான் போனப்ப 1,20,000 டாங், நம்ம காசுல 400 ரூபா சுமாரு. அதுல கூப்பன் வரும், பழைய வீடு, சீனர் சபை மண்டபம், மியூசியம்னு நாமளே சிலதத் தேர்ந்தெடுத்துப் போகலாம். டான் கீ, சீனாவுல ஃபுக்கியன் மாகாணத்துக்காரங்க கட்டின ஃபுக்கியன் மண்டபம் ரெண்டையும் விடாதீங்க. ஃபுக்கியன் மண்டபம் கடலம்மாவுக்கு, கப்பல்ல வந்தவங்க தப்பிச்சு கரை சேர்ந்ததுக்கு கும்பிட்ட தெய்வம். அவங்களுக்கு ரெண்டு பக்கமும் காவல் பொம்மை, ஒருத்தருக்கு ஆயிரம் மைல் தூரம் கண்ணு தெரியும், இன்னொருத்தருக்கு அவ்ளோ தூரம் காது கேக்கும். கூரையிலருந்து சுருள் சுருளா பெரிய ஊதுபத்தி தொங்கும், வேண்டுதல் சீட்டு கட்டி விட்டா வாரக்கணக்குல எரியும்.

பாலம், 1593ல ஜப்பான் வியாபாரிங்க கட்ட ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு முனையிலயும் குரங்கு, நாய் சிலை, நடுவுல ஒரு சின்ன கோயில். பையனுக்கு ஒரு கதை சொல்லுங்க: பூமிக்கடியில ஒரு ராட்சச ஜந்து, தலை இந்தியாவுல, வால் ஜப்பான்ல, முதுகு ஹோய் ஆன்ல, அது அசைஞ்சா பூகம்பம், அதை முதுகுல குத்தி நிறுத்தத்தான் இந்தப் பாலமாம். 1635ல ஜப்பான் அரசு தன் ஆளுங்க வெளிநாடு போகக்கூடாதுன்னு தடை போட்டதும் ஜப்பான்காரங்க தெரு அடங்கிருச்சு, சீனர் கையில ஊர் போச்சு. பாலத்தை மொத்தமா பிரிச்சு சீரமைச்சு 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க, புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னு அந்த ஊர் ஆளுங்களே நெட்ல திட்டினாங்க. எனக்கும் கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தியாத்தான் பட்டுச்சு, நாலு மழைக்காலம் போனா சரியாயிரும்.

அப்புறம் அந்த ஊர் தப்பிச்சதே ஆறு தூர்ந்துபோனதாலதான். வண்டல் சேர்ந்து பெரிய கப்பல் உள்ள வர முடியல, 19ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுக்காரன் டா நாங்கை துறைமுகமா எடுத்துக்கிட்டான். காசு போனதும் யாரும் வீட்ட இடிச்சு புதுசா கட்டல. டிரான் ஃபூ தெருதான் ஒரு காலத்துல ஆத்தங்கரை. ஆறு விலக விலக அடுத்த தெரு, அதுக்கடுத்து இப்ப இருக்கற ஆத்தோரத் தெருன்னு வந்துச்சு. டிரான் ஃபூலருந்து சந்து வழியா ஆத்துக்கு நடந்தீங்கன்னா பழைய ஆத்துக்குள்ளதான் நடக்கறீங்க, ஒரு அஞ்சு நிமிஷம்.

1980கள்ல மி சோன் வேலைக்கு வந்த போலந்து கட்டடக்கலைஞர் கசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி இந்த வீடுகளோட அருமைய அதிகாரிங்களுக்கு எடுத்துச் சொன்னவர். அவருக்கு ஊருக்குள்ள சிலை இருக்கு. 1999ல ஹோய் ஆன், மி சோன் ரெண்டும் ஒண்ணா யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு, அதைப் பாக்க அவர் உயிரோட இல்ல.

பட்ஜெட்_பாண்டி:
சரி அண்ணே, சரண்டர். ஆனா படகு ரைடு பத்தி நான்தான் சொல்வேன். ராத்திரி விளக்குப் படகுக்கு படித்துறையில கவுன்டர்ல விலை எழுதிப் போட்டிருக்கும், அங்க டிக்கெட் எடுங்க, கையப் பிடிச்சு இழுக்கறவங்ககிட்ட பேரம் பேசாதீங்க. 20 நிமிஷம்தான். பகல்ல "தென்னைக் காடு கூடைப்படகு"ன்னு ஒண்ணு பேக்கேஜ்ல இருக்கும். தென்னை இல்ல அது, தண்ணிக்குள்ள நிக்கற நிப்பா பனை. படகு நம்ம ஒகேனக்கல் பரிசல் மாதிரியேதான், மூங்கில்ல பின்னி மேல பிசின் பூசினது. நடு ஆத்துல ஸ்பீக்கர் வச்சு கொரியன் பாட்டு அலறும், கிறுகிறுன்னு சுத்துவான், டிப்ஸ் கேப்பான். பையன் என்ஜாய் பண்ணுவான், அம்மாவ ஏத்தாதீங்க.

பணம் எண்ணும்போது ஜாக்கிரதை. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். இருட்டுல மாத்தி நீட்டினா முடிஞ்சுது கதை. இருபதாயிரத்துல அந்த ஜப்பான் பாலமே படமா இருக்கும், அதப் பாத்துக் குடுங்க.

சமயபுரத்தான்:
இதெல்லாம் சரி, அம்மா சாப்பாடு? அதுதான் பெரிய கவலை. எல்லாத்துலயும் மீன் சாஸ் ஊத்துவாங்களாமே.

சைகோன்_வாசி:
ஊத்துவாங்க, காய்கறி வதக்கல்ல கூட. ஆனா கவலைப்படாதீங்க, அங்க பௌத்த சைவம்னு தனி மரபே இருக்கு. கடை போர்டுல "சாய்"னு போட்டிருந்தா மீன் சாஸ் கூட கிடையாது, முட்டை பால் வேண்டாம்னு மட்டும் ஃபோன்ல மொழிபெயர்த்துக் காட்டிருங்க. அவங்க மாசப்பிறப்பு, பௌர்ணமி ரெண்டு நாளும் நிறைய பேர் சைவம், அன்னைக்கு அசைவக் கடையிலயும் தனி மெனு இருக்கும். அந்த ஊர் ஸ்பெஷல் காவ் லாவ்னு தடிமனான நூடுல்ஸ், சாதாரணமா பன்றி இறைச்சி போட்டுத் தருவாங்க, டோஃபு போட்ட சைவ காவ் லாவும் கிடைக்குது, அம்மா சாப்பிடலாம். பக்கத்துல சா குவேன்னு கீரைத் தோட்டக் கிராமம், ஆத்துப்பாசிய உரமா போட்டு துளசி, புதினா எல்லாம் வளர்க்கறாங்க, காலையில சைக்கிள்ல போயிட்டு வரலாம்.

பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி பழைய ஊர்ல மின்விளக்கை அணைச்சுட்டு வெறும் தொங்கு விளக்கு ஏத்துவாங்க. தேதிய அதுக்குத் தகுந்த மாதிரி போட்டா அடுத்த நாள் அம்மாவுக்கு சைவச் சாப்பாடும் ஆச்சு.

காரைக்குடி_ஆச்சி:
புளிக்காச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துட்டுப் போகச் சொல்லுப்பா. வெள்ளைச் சோறு எல்லா ஊர்லயும் கிடைக்கும்.

மாயவரம்_மங்கை:
டெய்லர் கடை பத்தி யாரும் சொல்லலையே. ஊர் முழுக்க தையல் கடைதான், 24 மணி நேரத்துல கோட்டு சூட்டு தர்றோம்பாங்க. ஒரு கடையில அளவு குடுத்தேன், மறுநாள் சாயங்காலம் போட்டுப் பாத்தா தோள் ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னுச்சு, திருத்த நேரமில்ல, காலையில ஃபிளைட். அப்படியே பொட்டியில போட்டு கொண்டு வந்து இங்க நம்ம தெரு டெய்லர்கிட்ட பிரிச்சுத் தைச்சேன். தைக்கணும்னா போன முதல் நாளே குடுத்து ரெண்டு தடவையாச்சும் போட்டுப் பாக்கற மாதிரி வச்சுக்குங்க. துணிய நீங்களே தொட்டுப் பாத்து எடுங்க, பட்டுன்னு சொல்லி பாலியெஸ்டர் தலையில கட்டிருவாங்க.

சமயபுரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் போட்டு மே ரெண்டாவது வாரத்துக்கு மாத்தச் சொல்லிட்டேன், "சார் தீபாவளி ஆஃபர் போயிரும்"னு புலம்பறாரு. ஹோய் ஆன்ல ரெண்டு ராத்திரி, பா நா ஹில்ஸ் அரை நாள், மி சோன் ஒரு காலை. வீட்டுக்காரம்மா டெய்லர் கடை லிஸ்ட் போட ஆரம்பிச்சாச்சு. விசாவை நானே போடலாமா இல்ல அவர்கிட்டயே விடட்டுமா? தலைக்கு 5,000 ரூபா கேக்கறாரு.

சைகோன்_வாசி:
நீங்களே போடுங்க. அரசு இ-விசா தளத்துல ஒரு தடவை நுழையறதுக்கு 25 டாலர்தான், 90 நாள் வரைக்கும் செல்லும். கூகுள்ல தேடினா அரசு தளம் மாதிரியே வேஷம் போட்ட தனியார் தளங்கள்தான் மேல வரும், கவனம். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேரை அச்சு மாறாம போடுங்க, நம்ம ஆளுங்க இனிஷியல்லதான் மாட்டிக்கறாங்க.

ஊர்சுத்தி:
ரூமை பழைய ஊருக்குள்ள போடாதீங்க, கார் உள்ள வராது, பெட்டிய நீங்கதான் இழுக்கணும். அஞ்சு பத்து நிமிஷ நடை தூரத்துல வெளிய போடுங்க. பழைய வீடுங்கள்ல நிலைப்படி உயரம் ஜாஸ்தி, அம்மா கையப் பிடிச்சுக்குங்க, தெரு பூரா சமதரைதான், முடியலன்னா சைக்கிள் ரிக்‌ஷா இருக்கு, ஏறறதுக்கு முன்னாடியே விலை பேசிருங்க.